பச்சை வந்ததும் கிளிக்! வேகம் மவுஸிலா, உடம்பிலா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு சின்ன விளையாட்டு வந்து சேர்ந்துவிடுகிறது. ஸ்கிரீன் முழுவதும் சிவப்பாக இருக்கும். எப்போது என்று சொல்லாமல் திடீரென்று பச்சையாக மாறும். மாறிய உடனே மவுஸைக் கிளிக் செய்திட வேண்டும். எத்தனை மில்லி செகண்டில் கிளிக் செய்தீர்கள் என்று ஓர் எண் வரும். ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் மில்லி செகண்ட். இன்டர்நெட்டில் "ரியாக்ஷன் டைம் டெஸ்ட்" என்று தேடினால் இதற்கான இலவசத் தளங்கள் பல கிடைக்கும். எதையும் டவுன்லோட் செய்திடத் தேவையில்லை. பிரவுசரிலேயே இயங்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்த விளையாட்டு சண்டையில் போய் முடிந்தது. கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு 236 மில்லி செகண்ட். தாத்தாவுக்கு 418. அருகில் நின்று பார்த்த மகன், "அப்பா, இனிமே ஸ்கூட்டரைத் தொடாதீங்க. எங்கே போகணும்னாலும் ஆட்டோ வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு வயது 66. காலையில் மார்க்கெட், மாலையில் கோயில், மாதம் ஒரு முறை பேங்க் எல்லாமே அந்த ஸ்கூட்டரில்தான். சாவி பீரோவுக்குள் போய்விட்டது. மறுநாள் அவர் என்னிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார். "சார், நிஜமாவே நான் அவ்வளவு ஸ்லோவா? எக்சர்சைஸ் செஞ்சா இது குறையுமா?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலில் பாதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எனவே அங்கிருந்து தொடங்குவோம்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மெஷின்

ஸ்கிரீனில் தெரியும் எண் முழுவதும் உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். அதில் மானிட்டருக்கும் மவுஸுக்கும் பங்கு உண்டு.

சாதாரண மானிட்டர் ஒரு செகண்டில் 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது சுமார் 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம். "இப்போது பச்சை" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்திடும் நேரம் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்தால், அடுத்த படம் வரும் வரை பச்சை காத்திருக்கும். கடிகாரமோ ஓடத் தொடங்கியிருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் இந்த இடைவெளி சுமார் 7 மில்லி செகண்ட்தான். உங்கள் மானிட்டர் எந்த வேகத்தில் இயங்குகிறது என்று பார்க்க விரும்பினால், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று வரிசையாகச் செல்லவும். அங்கே ரிப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று காட்டப்படும். சிலர் விலை கொடுத்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருப்பார்கள். ஆனால் அது 60-லேயே ஓடிக் கொண்டிருக்கும். இதே இடத்தில் மாற்றிக் கொள்ளலாம்.

மானிட்டருக்குப் பதில் ஹாலில் இருக்கும் டிவியை இணைத்தால் கதையே வேறு. நவீன டிவிக்கள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைக் கூட்டி, அசைவை மென்மையாக்கி, மெருகேற்றிய பிறகே காட்டுகின்றன. சினிமா பார்க்கும்போது இது தெரியாது. ஆனால் இந்த வேலையிலேயே 50, 100 மில்லி செகண்ட் போய்விடக் கூடும். டிவியின் மெனுவில் "கேம் மோட்" இருந்தால் அதை ஆன் செய்திடவும். பெரும்பகுதி தாமதம் குறைந்துவிடும்.

அடுத்து மவுஸ். சாதாரண யுஎஸ்பி மவுஸ் செகண்டுக்கு 125 முறை தன் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. எட்டு மில்லி செகண்டுக்கு ஒரு தகவல். கேமிங் மவுஸ் 1000 முறை சொல்லும். ஆகவே விலை உயர்ந்த மவுஸ் இந்த வகையில் மிச்சப்படுத்துவது அதிகபட்சம் 7 மில்லி செகண்ட். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் லேப்டாப்பின் டச்பேட் அப்படியல்ல. அதில் லேசாகத் தட்டினால், விரலை எடுத்த பிறகுதான் அது ஒரு கிளிக் என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். இந்தத் தாமதம் நன்றாகவே தெரியும் அளவுக்கு இருக்கும். டெஸ்ட் தளங்களிலும் வேறுபாடு உண்டு. சில தளங்கள் பட்டனை அழுத்தியதும் கணக்கை முடிக்கும். சில, பட்டனை விட்ட பிறகு முடிக்கும். ஒரு தளத்தில் 250 வாங்கியவர் இன்னொன்றில் 320 வாங்கினால் கவலை வேண்டாம். இரண்டையும் ஒப்பிடுவதே தவறு.

பெரியவர் விளையாடியது எப்படி என்று விசாரித்தேன். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று லேப்டாப்பை ஹால் டிவியுடன் இணைத்திருக்கிறார். டச்பேடைத் தட்டியிருக்கிறார். பேரன் விளையாடியது தன் அறையில், வயர் மவுஸும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் உள்ள கம்ப்யூட்டரில். இருவரையும் ஒரே லேப்டாப்பில், அதன் சொந்த ஸ்கிரீனில், ஒரே வயர் மவுஸுடன் உட்கார வைத்தேன். ஆளுக்கு 20 முறை. தாத்தா 312, பேரன் 251. முந்தைய நாள் 182 ஆக இருந்த வித்தியாசம் 61 ஆகிவிட்டது. சாவி பீரோவுக்குப் போகக் காரணமான தாமதத்தில் பெரும்பகுதி டிவிக்கும் டச்பேடுக்கும் சொந்தம்.

ஸ்கேல் ஒன்று போதும்

கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் மேல் முனையில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கீழே சைபர் இருக்கும் இடத்தில், நீங்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்துக் கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த அளவில் பிடித்தீர்கள் என்று பார்க்கவும். புவி ஈர்ப்பு எல்லோர் வீட்டிலும் ஒரே வேகத்தில்தான் வேலை செய்கிறது என்பதால் கணக்கு எளிது. 10 சென்டிமீட்டர் என்றால் 143 மில்லி செகண்ட். 15 என்றால் 175. 20 என்றால் 202. 25 என்றால் 226. முழு ஸ்கேலும் நழுவிவிட்டால் 247-ஐத் தாண்டிவிட்டீர்கள். பத்து முறை செய்து நடுவில் வரும் அளவை எடுத்துக் கொள்ளவும்.

பெரியவர் 26 சென்டிமீட்டரில் பிடித்தார். அதாவது 230. பேரன் 17-ல் பிடித்தான். அது 186. இது ஆய்வுக்கூடத் துல்லியம் இல்லை. விடுபவரின் விரல் அசைவைப் பார்த்தே சிலர் முந்திக் கொள்வார்கள். ஆனால் டிவியின் தாமதம் இதில் கிடையாது.

ஒரு எண்ணை வைத்து மனிதனை எடைபோடுவது புதிய பழக்கம் அல்ல. இங்கிலாந்தில் கிரீன்விச் வானியல் ஆய்வகத்தில், அதாவது நட்சத்திரங்களை ஆராயும் இடத்தில், 1796-ல் மாஸ்கலின் என்ற தலைமை வானியலாளர் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கடிகார ஒலியைக் கேட்டுக் கொண்டே குறிப்பது அவர் வேலை. அவர் குறித்த நேரம் மாஸ்கலினுடையதை விட சுமார் 0.8 செகண்ட் பின்தங்கியிருந்தது. பின்னாளில் பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஆராய்ந்தபோது, பெரிய வானியலாளர்களே ஒருவருக்கொருவர் இப்படி வேறுபடுகிறார்கள் என்று தெரிந்தது. உதவியாளருக்கு அதனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கிளிக்குக்கு முன் உடம்பில் என்ன நடக்கிறது?

மெஷினின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சும் 200 மில்லி செகண்ட் எங்கே போகிறது? நரம்பு வழியாகச் செய்தி போவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறதா?

நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்திருந்த காலத்தில், 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். செகண்டுக்கு சுமார் 27 மீட்டர். மனிதக் கையில் தசையை இயக்கும் நரம்புகள் இதைவிட வேகம். செகண்டுக்கு 50, 60 மீட்டர். மூளையிலிருந்து விரல் வரை ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக் கொண்டாலும் 20 மில்லி செகண்டுக்குள் செய்தி போய்விடும். தசை இறுகி விரல் அசைவதற்குச் சில பத்து மில்லி செகண்ட். விழித்திரை ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றுவதற்கு இன்னும் கொஞ்சம். காதுக்கு இந்த மாற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால்தான் வெளிச்சத்தை விட ஒலிக்கு நாம் வேகமாக அசைகிறோம். மீதி நேரத்தில் பெரும்பகுதி மூளைக்குள், "வந்துவிட்டது, அழுத்து" என்று தீர்மானிப்பதில் கழிகிறது.

1868-ல் நெதர்லாந்தின் டாண்டர்ஸ் இன்னொன்றைக் கவனித்தார். ஒரே விளக்குக்கு ஒரே பட்டன் என்றால் வேகமாக அழுத்துகிறோம். இரண்டு விளக்கு, இரண்டு பட்டன் என்று தேர்வு செய்யச் சொன்னால் நேரம் கூடுகிறது. கூடிய நேரம்தான் மூளை தேர்ந்தெடுக்க எடுத்துக் கொண்ட நேரம் என்றார். பச்சை வந்ததும் கிளிக் செய்வது முதல் வகை. சாலையில் வண்டி ஓட்டுவது இரண்டாவது வகை. பிரேக் பிடிப்பதா, ஒதுங்குவதா, ஹாரன் அடித்துவிட்டுப் போவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பெரியவரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஓடினால் கிளிக் வேகமாகுமா?

உடற்பயிற்சிக்கும் ரியாக்ஷன் வேகத்துக்கும் தொடர்பு உண்டு என்று பலரும் நம்பத் தொடங்கியது 1975-க்குப் பிறகு. அமெரிக்காவில் ஸ்பிர்டுசோ என்ற பெண் ஆய்வாளர் இருபது வயதுக்காரர்களையும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களையும் எடுத்துக் கொண்டார். ஒவ்வொரு வயதிலும் ராக்கெட் விளையாட்டுகளைத் தொடர்ந்து ஆடுபவர்கள் ஒரு பக்கம், எதுவும் ஆடாதவர்கள் ஒரு பக்கம். விளையாடும் பெரியவர்கள், விளையாடாத பெரியவர்களை விட நன்றாகவே வேகமாக இருந்தார்கள். விளையாடாத இளைஞர்களுக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. விளையாடியதால் வேகம் வந்ததா, வேகமானவர்கள் என்பதால் அந்த வயதிலும் விளையாடுகிறார்களா? கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டில் புத்தகமும் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டு, கம்ப்யூட்டர் வாங்கினால் புத்தகம் தானாக முளைக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா?

இதைச் சரிபார்க்க, உடற்பயிற்சியே செய்யாதவர்களை அழைத்து வந்து பயிற்சி கொடுத்துப் பார்க்க வேண்டும். 1984-ல் டஸ்ட்மேன் குழுவினர் அப்படிச் செய்தார்கள். 55 முதல் 70 வயது வரை உள்ளவர்கள், நான்கு மாதம். வேக நடைப் பயிற்சி செய்தவர்கள், மூளைத் திறனை அளக்கும் சோதனைகளின் தொகுப்பில் மற்றவர்களை விட அதிகம் முன்னேறினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1989-ல் மேடன் குழுவினர் நடத்திய ஆய்வில் இதயமும் நுரையீரலும் பலப்பட்டன. மூளைச் சோதனைகளில் அதற்கேற்ற முன்னேற்றம் வரவில்லை.

குழப்பத்தைக் கொஞ்சம் தெளிவாக்கியது 1999-ல் நேச்சர் இதழில் கிரேமர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 60 முதல் 75 வயது வரை 124 பேர். அதுவரை உட்கார்ந்தே பழகியவர்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதம் நடை. மறு பாதிக்கு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி. நடந்தவர்கள் எதில் முன்னேறினார்கள் என்று பாருங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, கவனத்தைக் கலைக்கும் எழுத்துகளுக்கு நடுவே சரியானதைத் தேர்வது, அழுத்தப் போன விரலைக் கடைசி நேரத்தில் நிறுத்துவது. சும்மா பச்சை வந்ததும் கிளிக் செய்திடும் வகை வேகத்தில் அவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. 2003-ல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோல்கோம்ப், கிரேமர் இருவரும் இதே பக்கம்தான் கை காட்டினார்கள்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் 2015-ல் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 12 ஆய்வுகளை, 754 பேரை எடுத்துக் கொண்டு, ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஏரோபிக் பயிற்சியால் மூளைத் திறன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. ஆக, "நடந்தால் மூளை இத்தனை சதவீதம் வேகமாகும்" என்று எந்த ஆப்பாவது எண் போட்டுச் சொன்னால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். என் கணிப்பு இது: உட்கார்ந்தே இருந்த பெரியவர் நடக்கத் தொடங்கினால் தேர்வு செய்வதிலும் நிறுத்துவதிலும் கொஞ்சம் பலன் இருக்கலாம். 220 வாங்கும் இருபது வயதுக்காரர் ஜிம்முக்குப் போய் அதை 180 ஆக்க நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உலகத்திலேயே வேகமான மனிதரைப் பாருங்கள். உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 செகண்டில் ஓடி உலக சாதனை படைத்தபோது, துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் எடுத்துக் கொண்ட நேரம் 146 மில்லி செகண்ட். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 165. அவரை விட முன்னதாகக் கிளம்பியவர்கள் அவருக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். கால் பலமும் கிளம்பும் வேகமும் ஒரே கணக்கில் வரவில்லை. ஓட்டப் பந்தயத்தில் 100 மில்லி செகண்டுக்குள் கிளம்பினால் சத்தத்தைக் கேட்காமலே ஓடியதாக அர்த்தம். 2022-ல் அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலகப் போட்டியில் டெவன் ஆலன் 99 மில்லி செகண்டில் கிளம்பியதால் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரே ஒரு மில்லி செகண்ட்! நம் வீட்டு டிவி விழுங்குவது அதைப் போல பல மடங்கு.

வயது விஷயத்தில் கேம் ஆடுபவர்களுக்கு ஒரு கசப்பான செய்தியும் உண்டு. 2014-ல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்கிராப்ட் 2 கேம் ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வயது 16 முதல் 44 வரை. ஸ்கிரீனில் புதிய இடத்தைப் பார்த்ததற்கும் முதல் செயலுக்கும் நடுவில் உள்ள நேரம் 24 வயதிலிருந்தே கூடத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு திறமைசாலி ஆனாலும் இது தப்பவில்லை. வயது கூடியவர்கள், மூளைக்கு வேலையைக் குறைக்கும் வசதிகளைக் கேமுக்குள் அதிகம் பயன்படுத்தி ஈடு கட்டியிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். கீ போர்ட் ஷார்ட்கட் தெரிந்த சீனியர், ஜூனியரை முந்துவதை நாமும் ஆபீஸில் பார்த்திருக்கிறோமே!

தூக்கத்தைக் கடன் வாங்காதீர்கள்

உடற்பயிற்சியை விடச் சீக்கிரம் உங்கள் எண்ணை மாற்றக் கூடியது தூக்கம். 2003-ல் வெளியான வான் டாங்கன் குழுவின் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்கியவர்களின் தடுமாற்றம், இரண்டு இரவு வரை முழுக்க விழித்திருந்தவர்களின் தடுமாற்றத்துக்குச் சமமாகிவிட்டது. அவர்களுக்கே அது தெரியவில்லை என்பதுதான் ஆபத்து. தூக்கம் குறைந்தவரின் எல்லா கிளிக்கும் மெதுவாகாது. பெரும்பாலும் சரியாக இருக்கும். நடு நடுவே ஒன்று அரை செகண்டைத் தாண்டிப் போகும். சாலையில் அந்த ஒன்றுதான் ஆளைச் சாய்க்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய உற்சாகத்தில் இரவு ஒரு மணி வரை யூடியூப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மூளை விளையாட்டு சாப்ட்வேர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. லுமோசிட்டி என்ற பிரபலமான விளையாட்டை நடத்தும் நிறுவனம், வயதால் வரும் மறதியைத் தடுக்கும், வேலையில் திறமை கூடும் என்ற வகையில் விளம்பரம் செய்தது. ஆதாரம் இல்லாமல் மக்களை ஏமாற்றியதாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்ட, 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக் கொண்டது. பொழுதுபோக்காக விளையாடுங்கள். அந்த விளையாட்டில் நீங்கள் தேறுவீர்கள். சந்தா கட்டுமுன் ஒரு முறை யோசியுங்கள்.

சரியாக அளப்பது எப்படி?

எப்போதும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே தளம், ஒரே மவுஸ். நாளின் ஒரே நேரம். வாக்கிங் முடித்து வந்த கையோடு அளக்க வேண்டாம். மிதமாக உடம்பு சூடாகியிருக்கும்போது வேகம் தற்காலிகமாகச் சற்றுக் கூடும். களைத்துப் போயிருந்தால் குறையும். இரண்டுமே உங்கள் வழக்கமான எண் கிடையாது. அரை மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு உட்காரவும்.

இருபது முறை செய்து, எண்களை எக்ஸெல் ஷீட்டில் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக டைப் செய்திடவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் பயன்படுத்தலாம். சராசரி எடுக்க வேண்டாம். ஏன் தெரியுமா? நான்கு முறை 250, ஒரு முறை போன் மணி அடித்ததால் 900 என்று வைத்துக் கொள்ளுங்கள். சராசரி 380 என்று வரும். நீங்கள் ஒரு முறை கூட 380 வாங்கவே இல்லை! எண்களைத் தேர்ந்தெடுத்து சிறியதிலிருந்து பெரியதாக சார்ட் செய்திடவும். பத்தாவது, பதினோராவது எண்களுக்கு நடுவில் இருப்பதே உங்கள் வேகம். சார்ட் செய்யாமலே பார்க்க, ஹோம் டேபில் ஆட்டோசம் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி, மோர் பங்ஷன்ஸ் சென்று, மீடியன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 500-ஐத் தாண்டிய எண்களை அழித்துவிடாமல், அவை எத்தனை என்று பக்கத்தில் தனியாகக் குறித்து வைக்கவும்.

முடிந்தால் "கோ, நோ கோ டெஸ்ட்" என்று தேடி அதையும் செய்து பாருங்கள். பச்சைக்கு அழுத்த வேண்டும், வேறு நிறம் வந்தால் கையை அடக்க வேண்டும். இதில் வேகத்தை விடத் தவறுகளின் எண்ணிக்கை முக்கியம்.

நடைப் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சிகளும் செய்திட வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்கவும்.

ஸ்கூட்டர் சாவி என்ன ஆனது?

பெரியவரும் மகனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் செகண்டுக்கு 11.1 மீட்டர் போகிறது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள 61 மில்லி செகண்ட் வித்தியாசத்தில் வண்டி கடக்கும் தூரம் 68 சென்டிமீட்டர். இப்போது வேகத்தை 40-லிருந்து 35 ஆகக் குறைத்துப் பாருங்கள். ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு செகண்ட் ஆகிறது, பிரேக் ஓரளவு நன்றாகப் பிடிக்கிறது என்று வைத்துக் கொண்டால், வண்டி முழுதாக நிற்கும் தூரம் சுமார் 23.5 மீட்டரிலிருந்து 19 மீட்டருக்குச் சற்று மேலாகக் குறைகிறது. ஏறக்குறைய 4 மீட்டர் லாபம். எந்த எக்சர்சைஸும் எந்த மவுஸும் இவ்வளவு தராது.

இதை வைத்து அவர் பத்திரமாக ஓட்டுவார் என்று சொல்லிவிட முடியாது. கிளிக் டெஸ்ட் கண் பார்வையை அளக்காது, கழுத்து திரும்புகிறதா என்று பார்க்காது, எதிரே வருவதை முன்கூட்டியே ஊகிக்கும் அனுபவத்தையும் அளக்காது. கண் டாக்டரிடம் போனார்கள். ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருப்பது தெரிந்தது. இருட்டில் எதிர் விளக்கு கூசுவதாக அவர் ஒரு வருடமாகச் சொல்லி வந்ததற்குக் காரணம் அதுதான். உண்மையான பிரச்னை அங்கே இருந்திருக்கிறது. 418-ஐப் பார்த்துப் பதறிய நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

சாவி திரும்பி வந்தது. பகலில் மட்டும், 35-க்கு மேல் போவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. கோயிலுக்கு மாலையில் நடந்து போகிறார். போக வர நாற்பது நிமிடம். நான்கு மாதம் கழித்து அதே லேப்டாப்பில், அதே மவுஸில் அளந்தோம். பச்சை வந்ததும் கிளிக் 312-லிருந்து 305. இதை முன்னேற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே 315 வரலாம். ஆனால் கோ, நோ கோ டெஸ்டில் இருபதுக்கு ஏழு முறை தவறாக அழுத்தியவர் இப்போது மூன்று முறைதான் தவறினார். நடந்ததாலா, நான்கு மாதமாக டெஸ்டைச் செய்து பழகியதாலா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அவர் ஒப்புக் கொண்டார். ஆனால் பேரனிடம் அதைச் சொல்லவில்லை. அவனையும் மாலையில் தன்னோடு நடக்கக் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறார். ஹால் டிவியில் கேம் மோட் ஆன் செய்யப்பட்டு அப்படியே இருக்கிறது.